சமர்கந்தில் ஒரு வால்நட் சம்சா வகுப்பு

மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பலகாரமான சம்சாவைப் பற்றி உஸ்பெகிஸ்தான் போய்வந்தவர்களிடம் கேட்டால், ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்ததைத்தான் சொல்வார்கள். வால்நட்டும் சர்க்கரையும் பூரணமாக வைக்கும் இனிப்புச் சம்சாவைக் கற்றுத்தருபவர் கிடைப்பது அரிது. சமர்கந்தில் தம் வீட்டு முற்றத்தில் ஓர் அம்மையார் நடத்தும் அரைநாள் வகுப்பில் அது கிடைத்தது. மாவில் கைவைக்கப் பிடிக்கும் எவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

பீபி ஹானும் மசூதியை ஒட்டிய சியோப் பஜாரில் வகுப்பு தொடங்குகிறது. பருப்புக் கடைகளில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கடையிலும் ஒரு வால்நட்டை உடைக்கச் சொல்லி, பருப்பை ஒடித்து உட்புற நிறத்தைப் பார்த்தார். வெளுப்பாக இருந்தால் வாங்கினார்; மஞ்சள் பாய்ந்திருந்தால் பேரமே பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்தார். வால்நட்டில் எண்ணெய் அதிகம். ஒருமுறை சிக்கு வாடை ஏறிவிட்டால் எத்தனை சர்க்கரை கொட்டினாலும் மறையாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் அறுவடைக் காலம் என்பதால் அதையொட்டிப் போவது நல்லது.

வீட்டில் பெரும்பகுதி நேரம் மாவுக்கே போகிறது, போகவும் வேண்டும். கெட்டியாகப் பிசைந்து ஊறவைத்த மாவை, அடியில் மேசை தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கிறார்கள். உருக்கிய வெண்ணெய் தடவி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டிக் குளிரவைக்கிறார்கள். பிறகு துண்டு போட்டு, வெட்டுமுகம் மேலே இருக்கும்படி நிறுத்தி உள்ளங்கையால் அமுக்க வேண்டும். அடுத்துத் தேய்ப்பதில்தான் சூட்சுமம்: நடுப்பகுதி தடிப்பாகவே இருக்க, விளிம்பை மட்டும் மெல்லியதாக்க வேண்டும். பூரணம் வைத்து மடிக்கும்போது விளிம்புகள் எல்லாம் அடியில் வந்து குவியும். அவை தடித்திருந்தால் அடிப்பக்கம் வேகாது. திருப்பி வைத்தால் நடுவிலிருந்த சுருள் மேலே வந்து, வேகவேக ஏடு ஏடாக விரிகிறது. நான் கட்டையை அழுத்தியபோதெல்லாம் "மெல்ல, மகளே, மெல்ல" என்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மொழிபெயர்த்துச் சொன்ன அவருடைய மகனுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.

பூரணம் எளிது. வால்நட்டை லேசாக வறுத்து, துணியில் தேய்த்துக் கசக்கும் தோலை முடிந்தவரை நீக்கிவிட்டு, கத்தியால் நறுக்கிச் சர்க்கரையும் சிறிது வெண்ணெயும் கலக்கிறார்கள். மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் கக்கிவிடும் என்று அதைத் தொடவே விடவில்லை. அவர் செய்தது சரி. கடித்தபோது பருப்பு பருப்பாகவே பல்லில் பட்டது.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பில் தந்தூர் அடுப்பின் படம் இருக்கிறது. இனிப்புச் சம்சா வெந்ததோ மின்சார அடுப்பில். இறைச்சிச் சம்சாவைத் தண்ணீர் தொட்டுத் தந்தூரின் உட்சுவரில் ஒட்டுவார்கள். இதில் சர்க்கரை உருகி ஒழுகினால் சுவரிலேயே கருகிப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொன்ன காரணத்தை முழுதாக ஏற்கிறேன். அதை முன்கூட்டியே எழுதியிருக்கலாம். இன்னொன்று, ஒரே மேசையைச் சுற்றி அத்தனை பேரை நிறுத்தியிருக்கக் கூடாது. தேய்க்கும் வேலை கையில் படிய வேண்டிய வேலை. முறை வரக் காத்திருந்தே பலருக்கு நேரம் போயிற்று.

அடுப்பிலிருந்து எடுத்ததும் சாப்பிட அவர் அனுமதிப்பதில்லை. பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, சற்று ஆறும்வரை உட்காரவைக்கிறார். ஆறினால்தான் ஏடுகள் மொறுமொறுப்பாகின்றன, சர்க்கரையும் பருப்போடு இறுகுகிறது. சூட்டோடு ஒன்றை உடைத்தவருக்கு உள்ளே குழைந்துதான் இருந்தது.

கட்டணத்தை உள்ளூர் நாணயமான சோமில் ரொக்கமாகவே வாங்குகிறார்கள். பணம் கட்டும் முன் அன்றைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். கூட்டம் அதிகமென்றால் வேறு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.