அவுட்லெட்டில் ஷூ வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

“உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது” என்று இப்போதுதான் மெயில் வந்தது. யார் முடித்தார்கள்? என் 8,499 ரூபாய் எங்கே?

பெங்களூரு மாரத்தஹள்ளியில் வரிசையாக இருக்கும் ஃபேக்டரி அவுட்லெட்களில் ஒன்று. பெயர் எழுதவில்லை. உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ கம்பெனியின் சொந்தக் கடை, தெருவோர டூப்ளிகேட் இல்லை, அது தெரிந்தால் போதும்.

மகள் ஒன்பதாம் வகுப்பு, 1500 மீட்டர் ஓடுகிறாள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு விற்பனைக்கு நின்ற பையன் பக்கத்தில் வந்தான். “எந்த ஊரு அக்கா?” என்றான். அல்சூர், பூர்வீகம் ஆம்பூர் என்றேன். “ஆம்பூரா! அப்ப ஷூவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்று சிரித்தான். தனக்குக் கிருஷ்ணகிரி என்றான். தரையில் மண்டியிட்டு மகளுக்கு லேஸ் கட்டிவிட்டான். முனையைக் கட்டைவிரலால் அழுத்தி இடம் இருக்கிறதா என்று பார்த்தான். “13,999 ரூபா ஷூ அக்கா. எல்லா சைஸும் இல்ல, அதான் 8,499. புது ஸ்டாக், ஆறு மாசம் வாரண்ட்டி. என்னை நம்பி எடுத்துட்டுப் போங்க.” இந்த ஊரில் நம் பாஷை பேசி ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் யார்தான் எடுக்க மாட்டார்கள்?

மாவட்டப் போட்டி நெருங்கும் சமயம், கண்டீரவா மைதானத்தில் பயிற்சியின்போது அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பிசின் விட்டுப் பிரியவில்லை, உதிர்ந்தது. மகள் வெறுங்காலோடு வெளியே வந்து அழுதாள்.

கடைக்குப் போனால் அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் எடுத்த எடுப்பில், “வாஷிங் மெஷின்ல போட்டிருப்பீங்க” என்றார். போடவில்லை என்றேன். அப்படியானால் கஸ்டமர் கேரில் சொல்லுங்கள் என்றார். கஸ்டமர் கேரில் போட்டோ கேட்டார்கள், பில் கேட்டார்கள், ஷூவின் நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை, அதன் உள்ளே இருக்கும் லேபிளைப் படம் எடுக்கச் சொன்னார்கள். எல்லாம் அனுப்பிய பிறகு, “கடையில்தான் சோதிப்பார்கள்” என்றார்கள். கடையிலோ, “அவுட்லெட் சரக்குக்கு நாங்க எதுவும் பண்ண முடியாது மேடம்.” வாரண்ட்டி என்று சொல்லி விற்றது யார்? கடைசியில் வந்த பதில், “பயன்பாட்டுத் தேய்மானம்.” ஒரு மாதம்கூட ஓடாத ஷூவுக்கு!

அல்சூர் மார்க்கெட் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். விரலால் கிள்ளிப் பார்த்தவர், “இது ஓடித் தேஞ்சது இல்லம்மா, பெட்டியிலேயே கிடந்து செத்த சரக்கு” என்றார். அவர் சொன்னது சரிதான். பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் காற்றின் ஈரம் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், உடம்பு எடை விழுந்தால் நொறுங்கும்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த விலை ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் தயாரிப்பு மாதம், வருடம். 2019! அதைத்தான் “புது ஸ்டாக்” என்று 8,499 ரூபாய்க்கு என் பிள்ளை காலில் மாட்டியிருக்கிறார்கள். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் பழைய எம்ஆர்பியை மறைக்கக் கூடாது. தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் தெரிந்தாக வேண்டும். மேனேஜருக்குத் தெரியாதா இது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. பெட்டி ஸ்டிக்கரைக் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். நாக்கின் உள் லேபிளிலும் பெரும்பாலும் தேதி இருக்கும், பாருங்கள். வாரண்ட்டி என்று வாயால் சொன்னால் பில்லில் எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால் ஷூவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 8,499 ரூபாயையும் வாங்காமல் விடப்போவதில்லை.

அப்புறம், பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். என் பில்லில் எழுத்து இப்போதே பாதி மங்கிவிட்டது.