ஓக் நிழல்மரம்: பத்து வருடம் போனால்தான் தெரியும் குணம்

நட்ட மூன்றாம் வருடத்தில் எந்த ஓக் மரமும் நன்றாகத்தான் இருக்கும். இலை மஞ்சளடிப்பது, கவட்டை பிளப்பது, வேர் தன் அடிமரத்தையே நெரிப்பது எல்லாம் எட்டு, பத்து வருடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். பெரும்பாலும் இவை கன்று தேர்ந்தெடுத்த நாளிலும் குழி வெட்டிய நாளிலும் விதைத்த வினைகள்.

அமெரிக்க நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும் பின் ஓக் (pin oak) இதற்குச் சரியான உதாரணம். வேகமாக வளரும், கூம்பு வடிவில் அழகாக நிற்கும், சல்லிவேர் அதிகம் என்பதால் இடம் மாற்றினாலும் பிழைக்கும். ஆனால் மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 7-ஐத் தாண்டினால் இந்தச் சிறப்பெல்லாம் வீண். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். பிறகு நுனிக்கிளைகள் காயும். கந்தகம் இட்டு மண்ணை மாற்றுவது மிக மெதுவான வேலை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பலனே தெரியாது. தண்டில் இரும்புச்சத்தை ஊசி மூலம் செலுத்தினால் சில பருவங்களுக்குப் பச்சை திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் மரத்தில் புதுத் துளைகள். வீட்டை ஒட்டிய மண்ணில் கட்டுமானக் காலத்துச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அதனால் எங்கே நடப்போகிறோமோ அதே இடத்து மண்ணைச் சோதிக்க வேண்டும். பின் ஓக்கில் இன்னொரு தொல்லை: தொங்கும் கீழ்க்கிளைகளை வெட்டினால், அடுத்த அடுக்குக் கிளைகள் தொங்க ஆரம்பிக்கும்.

கார மண்ணுக்கும் வறட்சிக்கும் பர் ஓக் தாங்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் இனம், எனவே சிறு கன்றாகவே வைக்க வேண்டும். நீர் தேங்கும் இறுகிய களிமண்ணில் ஸ்வாம்ப் ஒயிட் ஓக் நிற்கும், கோடை வறட்சியையும் ஓரளவு சமாளிக்கும். வடிகால் நன்றாக உள்ள, சற்றே அமில மண்ணில் சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் ரெட் ஓக். நல்ல இடத்தில் வருடத்துக்கு 60 செ.மீ. வரை உயரும். லைவ் ஓக் வெப்பப் பகுதிக்கான மரம், உயரத்தைவிட அகலம் அதிகம், சின்ன மனைக்கு ஆகாது. வாட்டர் ஓக் விறுவிறுவென்று வளர்ந்து, நாளடைவில் உள்ளே பொந்து விழும் இனம். வீட்டுப் பக்கம் அதை வைக்காமல் இருப்பதே நல்லது. மண் மிகவும் காரமாக இல்லாத சராசரி வீட்டுக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், ஸ்வாம்ப் ஒயிட் ஓக்தான்.

கையில் பணம் இருக்கிறதே என்று பெரிய மரமாக வாங்குவது ஓக்கில் லாபமில்லை. தோண்டி எடுக்கும்போதே வேரின் பெரும்பகுதி நிலத்தில் நின்றுவிடும். தண்டின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் வேர் பிடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் என்று கணக்கு வையுங்கள். குளிர்ப் பகுதியில் அதற்கும் மேல். பெரிய மரம் திகைத்து நிற்கும் காலத்தில் 2, 3 செ.மீ. கன்று ஓடி வந்து சமமாகிவிடும்.

குழியின் ஆழம் தாய்மண்ணின் (கன்றின் வேரோடு வரும் மண்கட்டியின்) உயரத்தைத் தாண்டக் கூடாது. அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் தரைக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டிக் கன்றுகளில் அது பல செ.மீ. மண்ணுக்கடியில் புதைந்திருப்பது சகஜம், மேல்மண்ணைக் கையால் வழித்துக் கண்டுபிடியுங்கள். தொட்டிச் சுவரைச் சுற்றிய வேர்களை அப்போதே வெட்டுங்கள். விட்டால் அவை தடித்து, பின்னாளில் அடிமரத்தை இறுக்கும். ஒரு பக்கம் மட்டும் இலை சிறுத்து மெலிந்தால் முதலில் அங்கேதான் தோண்டிப் பார்க்க வேண்டும். குழிக்கு எருவும் மணலும் வேண்டாம், எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் சருகு, மரச்சீவல்) 5 முதல் 10 செ.மீ., தண்டைத் தொடாமல். அடிமரத்தைச் சுற்றிக் குவித்தால் பட்டை அழுகும். முட்டுக்கம்பு தேவைப்பட்டால் மட்டும். ஒரு வருடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர்: தண்டின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 5 லிட்டர். முதல் இரண்டு வாரம் தினமும், மூன்று மாதம் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு வேர் பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை. களிமண்ணானால் விரலை விட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் ஊற்றாதீர்கள். புல்தரைக்குப் போடும் தானியங்கித் தெளிப்பான் ஓக்குக்குப் போதாது, மேல்மண்ணை மட்டும் நனைக்கும்.

கவாத்தை (கிளை வெட்டிச் சீராக்குவதை) தள்ளிப்போடாதீர்கள். உச்சியில் இரண்டு தண்டுகள் போட்டி போட்டால், விரல் பருமனில் இருக்கும்போதே ஒன்றைக் குறைத்துவிடுங்கள். இடையில் பட்டை சிக்கிய இறுக்கமான கவட்டைதான் பிற்காலப் புயலில் பிளப்பது. கீழ்க்கிளைகளை ஒரேயடியாக நீக்காமல் சில வருடம் வைத்திருந்தால் அடிமரம் பருக்கும். ஒரு வருடத்தில் கால்வாசி இலைப்பரப்புக்கு மேல் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கத்தியே வைக்கக் கூடாது. புது வெட்டின் வாசனைக்கு வரும் வண்டுகள் பூஞ்சையைக் கொண்டுவரும். சிவப்பு ஓக் வகைகள் (ரெட் ஓக், பின் ஓக், வாட்டர் ஓக் போன்றவை) சில வாரங்களிலேயே பட்டுப்போகும், மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிய வேர்கள் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் நோய் பரவும். தவிர்க்க முடியாமல் வெட்டினால் அந்த நிமிடமே பெயிண்ட் பூச வேண்டும். மற்றபடி வெட்டுக்குப் பெயிண்ட் தேவையே இல்லை.

வளர்ந்தபின் உடன் வாழ்வதில் சில சங்கடங்கள் உண்டு. சில வருட இடைவெளியில் கொட்டைகள் ஏராளமாகக் கொட்டும், கார் நிறுத்தும் இடத்தின் மேல் கிளை நீளவிடாதீர்கள். நனைந்த இலைகளில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சிமெண்ட் தரையில் பழுப்புக் கறை போடும். அடர்ந்த நிழலில் புல் வராது, அங்கே மூடாக்கையே விரித்துவிடுங்கள். இலையிலும் குச்சியிலும் வரும் உருண்டைப் புடைப்புகள் பூச்சிகள் உண்டாக்குபவை. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.