வியன்னாவில் ஒரு நாள்: ஹாரி லைம் பின்னால் போவதா, செலின் பின்னால் போவதா?

வியன்னாவில் கையில் ஒரே ஒரு முழு நாள், அதிலும் ஊரைச் சினிமா வழியாக நடந்து பார்க்க ஆசை என்றால் உங்கள் முன்னால் இருப்பது இரண்டே வழி. ஒன்று கரோல் ரீட் இயக்கி 1949இல் வந்த ‘தி தேர்ட் மேன்’. இன்னொன்று ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கி 1995இல் வந்த ‘பிஃபோர் சன்ரைஸ்’. நானும் என் மனைவியும் இதில் ஆளுக்கொரு கட்சி. முதல் நாள் என் படம், மறுநாள் அவள் படம் என்று ஒப்பந்தம் போட்டு ஒரு ஜூன் மாதக் கடைசியில் இரண்டையும் நடந்து தீர்த்தோம், அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன். (இரண்டு படங்களின் முடிவும் கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

வேறு போட்டியாளர்கள் இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் தேறமாட்டார்கள். மொஸார்ட் கதையான ‘அமடேயஸ்’ வியன்னாவில் நடக்கிறது, எடுத்ததென்னவோ பெரும்பாலும் பிராகில், எனவே அதை நம்பி இங்கே தெருத்தெருவாகத் தேடாதீர்கள். 2015இல் டாம் குரூஸ் சண்டை போட்ட ஆப்பரா கட்டடம் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் முடிந்தது, அது நடையில் சேராது.

முதலில் என் கட்சியான ‘தி தேர்ட் மேன்’. ஷோட்டன்டோரில் ட்ராமை விட்டு இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் ஷ்ரைஃபோகல்காஸே, அதில் 8ஆம் எண் வீட்டு வாசல். செத்துப் புதைத்தாயிற்று என்று எல்லோரும் நம்பிய ஹாரி லைம் இருட்டில் நிற்க, பூனை ஒன்று அவன் காலணியில் வந்து உட்கார, மேல் மாடி ஜன்னலில் யாரோ விளக்கைப் போட, லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸின் முகத்தில் அந்தக் குறும்புச் சிரிப்பு வந்து விழுமே, அது இந்த வாசல்தான். பகலில் பார்த்தால் சாதாரணக் கதவு, ஏமாற்றமாகக்கூட இருக்கும், அதனால் இருட்டிய பிறகு ஒருமுறை போங்கள். பக்கத்து மேட்டில் பீத்தோவன் விட்டுவிட்டுப் பல வருடம் குடியிருந்த வீடு இருக்கிறது, தனியாக இன்னொரு நாள் ஒதுக்கத் தேவையில்லை.

அங்கிருந்து லைம் ஓடுகிறான், ஒரு சதுக்கத்தில் மாயமாகிறான். அந்தச் சதுக்கம் ஆம் ஹோஃப். படத்தில் ஒரே மூச்சு ஓட்டம், நமக்கு ஆறேழு நிமிட நடை, எடிட்டிங் மேசையில் ஊரை எப்படி மடித்துத் தைத்திருக்கிறார்கள் என்பது காலுக்குத்தான் தெரியும். அவன் உள்ளே புகுந்து பாதாளச் சாக்கடைக்கு இறங்கிய விளம்பரத் தூணை அங்கே தேடாதீர்கள், படத்துக்காகக் கொண்டுவந்து வைத்தது அது. அடுத்து ஹோஹர் மார்க்ட். ஊரிலேயே மிகப் பழைய சதுக்கங்களில் ஒன்று, போரின் கடைசியில் நொறுங்கிப்போனது, இன்று சுற்றிலும் சுத்தமான கட்டடங்கள். இந்த வழியின் ருசியே இதுதான் என்பேன். படப்பிடிப்பு நடந்தது 1948இல், திரையில் தெரியும் இடிபாடுகளில் நிறைய செட் இல்லை, நிஜம். ஊரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என நால்வர் பங்கு போட்டிருந்தார்கள். நடு ஊரை மட்டும் நால்வரும் சேர்ந்து, மாதத்துக்கு ஒருவர் தலைமையில் ஆண்டார்கள். ஒரே ஜீப்பில் நாலு நாட்டு ராணுவப் போலீஸ். 1955 வரை இப்படித்தான். கள்ளச்சந்தையில் பென்சிலினில் கலப்படம் செய்து விற்கும் வில்லன், திரைக்கதை எழுதிய கிரகாம் கிரீனின் பேனாவுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. படம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் கேக் கடைக்கும் துணிக்கடைக்கும் பின்னால் அந்தக் குப்பைமேடு தெரிய ஆரம்பிக்கிறது, எந்த வழிகாட்டிப் புத்தகமும் எனக்கு அதைக் காட்டவில்லை.

ஜோசஃப்ஸ்பிளாட்ஸில் லைமின் வீட்டு வாசலாக வருவது பல்லவிச்சினி மாளிகை, கல் பெண்கள் காவலுக்கு நிற்கும் அந்தப் பெரிய வாசல் அப்படியே இருக்கிறது. கார்ல்ஸ்பிளாட்ஸ் அருகே பாதாளச் சாக்கடைக்குள்ளேயே கூட்டிப்போகிறார்கள், குளிர்காலத்தில் கிடையாது. என் மனைவி வரமாட்டேன் என்று மேலேயே உட்கார்ந்துவிட்டாள், நான் மட்டும் தலையில் ஹெல்மெட்டோடு இறங்கினேன். நாற்றம் உண்டு, தாங்கலாம். வெல்ஸுக்கே அது பிடிக்கவில்லை, அவர் வரும் சாக்கடைக் காட்சிகளில் கணிசமானவற்றை லண்டன் பக்கம் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் நாம் அவரைவிடத் தைரியசாலி என்றாவது ஒரு திருப்தி. இருட்டிய பிறகு ஓப்பர்ன்ரிங்கில் இருக்கும் பூர்க் கீனோ தியேட்டருக்குப் போங்கள், வாரம் தவறாமல் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். நடந்த தெருவை நடந்த கையோடு திரையில் பார்ப்பது தனி சுகம்.

சரி, அவள் கட்சியான ‘பிஃபோர் சன்ரைஸ்’ படத்துக்கு வருவோம். ரயிலில் பழக்கமான அமெரிக்கப் பையனும் செலின் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் வியன்னாவில் இறங்கி விடிய விடியப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அவர்களே நடக்கிறார்கள் என்பதால் இந்த வழி சுலபமாக இருக்கும் என்று நினைத்தால் அங்கேதான் மோசம் போவீர்கள். முன் வழி பெரும்பாலும் நடு ஊரான முதல் வட்டத்துக்குள் மூன்று மணி நேரத்தில் அடங்கும். இதுவோ ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, ஒரு நாள் ட்ராம் டிக்கெட் இல்லாமல் ஆகாது. ஆரம்பமே தகராறு. அவர்கள் இறங்கிய வெஸ்ட்பான்ஹோஃப் நிலையம் 2011இல் புது வேஷத்தில் திறக்கப்பட்டது, இப்போது அவர்கள் வந்த புடாபெஸ்ட் ரயில் அங்கே வருவதே இல்லை, ஹௌப்ட்பான்ஹோஃபுக்குப் போகிறது.

ஆனால் மற்ற இடங்கள்? தொண்ணூறுகளில் இருந்த மாதிரியே இருக்கின்றன. நாடக நடிகர்கள் இருவரைச் சந்திக்கும் பச்சை இரும்புப் பாலம் ட்ஸோல்லம்ட்ஸ்டேக், கீழே மெட்ரோ ரயில் குறுக்காகப் போகிறது. விண்ட்மூல்காஸேயில் டாய்ஷ்லர் இசைத்தட்டுக் கடை, நெரிசலான சின்னக் கடை, அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பது இங்கே. அதற்கு மூன்று நிமிடத்தில் 1880இல் திறந்த கஃபே ஷ்பெர்ல், விரலைப் போனாக்கிப் பேசிக்கொள்ளும் காட்சி. கைரேகை பார்க்கும் பெண் வரும் கிளைனஸ் கஃபே ஃபிரான்சிஸ்கானர்பிளாட்ஸில், பேருக்கேற்ற மாதிரி ரொம்பச் சின்னது. இங்கெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது, உட்கார வேண்டும், உட்கார்ந்தால் காசு கரையும். காபியோடு வெள்ளித்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டு யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள் என்பது மட்டும் ஆறுதல். இந்தப் படத்தால் ஊரின் சரித்திரம் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. வெட்டியாக உட்கார்ந்திருப்பது எப்படி என்பது தெரியும், வியன்னாக்காரர்களின் கலையே அதுதான் என்று என் மனைவி வாதாடினாள்.

இரண்டு படமும் சந்திக்கும் இடம் ப்ராட்டரில் உள்ள ராட்சத ராட்டினம். 1897இல் கட்டியது, கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரம். போரில் எரிந்துபோய் 1947இல் திரும்ப எழுப்பியபோது 30 பெட்டிகளில் பாதியைத்தான் மாட்டினார்கள், இன்றும் 15தான். ஒரு படத்தில் பெட்டிக் கதவைத் திறந்து, கீழே நகரும் புள்ளிகளில் ஒன்று நின்றுபோனால் உனக்கென்ன என்று கேட்கிறான் லைம், இன்னொன்றில் முதல் முத்தம். டிக்கெட் விலை கொஞ்சம் கடுப்பேற்றும், ஏறுங்கள்.

இரண்டிலும் ஆளுக்கொரு இடுகாட்டுப் பயணமும் உண்டு, இரண்டும் ஊரின் 11ஆம் வட்டமான ஸிம்மரிங்கில். பெரிய மயானமான ட்ஸென்ட்ரல்ஃப்ரீட்ஹோஃபுக்கு 71ஆம் எண் ட்ராம் போகும். நம் ஊரில் ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்கிற மாதிரி, செத்துப்போனவரை ‘71 பிடிச்சுட்டார்’ என்பார்கள் வியன்னாவில். மரங்கள் வரிசை கட்டிய சாலையில் காத்திருக்கும் லைமின் நண்பனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லைமின் காதலி ஆன்னா நடந்து போவாளே, அந்தக் கடைசிக் காட்சி இங்கேதான். கிரீன் சுப முடிவு கேட்டார், ரீட் மறுத்தார், பிறகு ரீட் செய்தது சரிதான் என்று கிரீனே ஒப்புக்கொண்டார். மற்றது ஆல்பர்ன் துறைமுகத்தை ஒட்டிய பெயரற்றோர் கல்லறை. டான்யூப் கரை ஒதுக்கிய உடல்களை, யாரென்று தெரியாதவர்களையும், புதைத்த இடம், 1940க்குப் பிறகு யாரையும் புதைக்கவில்லை. இரும்புச் சிலுவைகளும் புல்லும், ஆள் நடமாட்டம் இல்லை. வருடா வருடம் நவம்பரில் மீனவர்கள் மலர்வளையத்தைத் தெப்பத்தில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். ட்ராமுக்கு அப்புறம் பஸ் பிடித்து அவ்வளவு தூரம் போவதற்கு நான் முனகினேன். அங்கே போன பின் முனகவில்லை.

ஆக, ஒரே நாள், தனியாக வந்திருக்கிறீர்கள், சரித்திரம் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் லைம் பின்னால் போங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது, படத்தில் அந்தக் கல் பாவிய தெருக்கள் மின்னுவதற்குத் தண்ணீர் ஊற்றி நனைத்தார்கள், உங்களுக்கு இலவசம். ஜோடியாக வந்து இரண்டு நாள் இருந்தால் இரண்டையும் நடக்கலாம், கால்வலித் தைலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆல்பர்ட்டினா அருங்காட்சியக மாடத்தில், குதிரை வீரன் சிலைக்குக் கீழே, செலினும் அந்த அமெரிக்கப் பையனும் விடியலுக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலை நாலரை மணிக்கு என் மனைவி என்னை எழுப்பி அங்கே இழுத்துப்போனாள். எதிரே ஆப்பராவின் கூரை மெல்ல வெளுத்தது, கீழே தெரு கழுவும் வண்டி ஒன்று போனது, வேறு யாரும் இல்லை, நாங்களும் பேசவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் அவள் கட்சி ஜெயித்துவிட்டது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.