சோப்பா, ஹேண்ட்ரப்பா, கிளவுஸா?

வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "சிஸ்டர், கிளவுஸ்தான் போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்குக் கையும் கழுவணும்?" சோப்பு, கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட்ரப், கிளவுஸ் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பதால் வரும் கேள்வி இது. மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கட்டில் காலடியில் தொங்கும் ஹேண்ட்ரப் பாட்டிலைத்தான் எடுப்பேன்.

காரணம் வெறும் கணக்கு. ஒரு டூட்டியில் எட்டு நோயாளிகள், ஒவ்வொருவரிடமும் ஐந்து தடவை கை சுத்தம் செய்ய வேண்டி வருகிறது என்று வையுங்கள், நாற்பது தடவை. சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாஷ்பேசினுக்குப் போய்வருவது, ஈரம் துடைப்பது எல்லாம் சேர்த்துத் தடவைக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் முழுசாக ஒரு மணி நேரம் குழாயடியிலேயே போய்விடும். ஹேண்ட்ரப்புக்கு 20 முதல் 30 விநாடி போதும், நடக்கவும் வேண்டாம். அதிகபட்சம் இருபது நிமிடம். ஆள் பற்றாத வார்டில் அந்த நாற்பது நிமிடத்தை யாரும் தரமாட்டார்கள், கழுவுவதைத்தான் விட்டுவிடுவார்கள்.

வேகம் மட்டுமல்ல. கைக்கிருமியைக் கொல்வதில் சாதாரண சோப்பைவிட ஆல்கஹால் கெட்டிக்காரன். அன்று ஆல்கஹாலுக்குப் பதில் குளோரின், ஆனால் சோப்புக்கும் கிருமிநாசினிக்குமான போட்டி 1847லேயே வியன்னாவில் நடந்துவிட்டது. பிணப் பரிசோதனை முடித்துவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போன டாக்டர்கள் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டுதான் போனார்கள், ஆனாலும் கையில் பிணவாடை மிஞ்சியது. அங்கே டாக்டராக இருந்த செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் மரணம் சில மாதங்களில் இரண்டுக்கு இறங்கியது.

ஹேண்ட்ரப் வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறைந்தால் பிரயோஜனமில்லை. அதற்காக நூறு சதவீதமாக இருந்தால் இன்னும் வீரியம் என்றும் நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறையில் எத்தனால் 80 சதவீதம், கூடவே கை வறளாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின். "எரியுது சிஸ்டர்" என்று சொல்பவர்களின் கையைப் பார்த்தால் பெரும்பாலும் சோப்பால் ஏற்கெனவே வெடித்திருக்கும். இன்னொன்று, உள்ளங்கை நிறைய எடுக்க வேண்டும். கோயில் தீர்த்தம் மாதிரி ஒரு சொட்டு வாங்கித் தடவுவது கணக்கில் சேராது. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். தானாகக் காய வேண்டும், புடவையில் துடைக்கக் கூடாது.

சோப்பை ஒதுக்கவே முடியாத இடங்கள் உண்டு. கையில் ரத்தமோ மலமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். அழுக்குக்கு மேல் ஆல்கஹால் தடவினால் அது அடியில் போகாது. கழிப்பறைக்குப் போய்வந்தாலும் அப்படியே. ஆன்டிபயாடிக் நிறைய ஏறிய நோயாளிக்கு வரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல்) என்ற கிருமியின் பேதியில், அந்தக் கிருமி வித்தாக மாறிக் கிடக்கும். ஆல்கஹால் அதைத் தொடவே தொடாது. சோப்பும் அதைக் கொல்லாது, ஆனால் தேய்த்து ஓடும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகும். நோரோ வைரஸ் வாந்தி பேதியிலும் சோப்பையே நம்பலாம். ஆனால் நம் வார்டு வாஷ்பேசின்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று கிடக்கும் சோப்புக் கட்டி, காலையிலிருந்து எல்லாரும் துடைத்த ஒரே துண்டு. அங்கே கழுவி, அதில் துடைத்தால் கழுவியதற்கு அர்த்தமில்லை. திரவ சோப்பும், ஒருமுறை துடைத்து எறியும் காகிதமும் இருக்க வேண்டும். குழாயையும் அந்தக் காகிதத்தாலேயே மூட வேண்டும்.

கிளவுஸ்தான் மூன்றில் ஏமாற்றுக்காரன். ஒரு இரவு டூட்டியில் பார்த்தேன்: உதவியாள் ஒருவர் கிளவுஸ் போட்டுக்கொண்டு டயப்பர் மாற்றினார். அதே கையால் ஸ்க்ரீனை இழுத்தார், சிறுநீர் சேரும் யூரோபேக்கைத் திறந்தார், பக்கத்துக் கட்டில் பாட்டி கேட்டார் என்று தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார். வெறுங்கையாக இருந்திருந்தால் பிசுபிசுப்பு தாங்காமல் முதலிலேயே கழுவியிருப்பார். கிளவுஸ் அவரைக் காப்பாற்றியது, பாட்டியை அல்ல.

ரத்தம், சீழ், மலம், சிறுநீர், புண் தொடும்போது கிளவுஸ் கட்டாயம். பி.பி. பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் வேண்டாம். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. ஒரே ஆளிடம்கூட அசுத்தமான இடத்திலிருந்து வென்ஃபிளானுக்கு (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போனால் மாற்ற வேண்டும். போட்ட கிளவுஸின் மேலேயே ஹேண்ட்ரப் தடவிச் சிக்கனம் பிடிப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், உள்ளே வியர்த்த கையில் கிருமி பெருகும், கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படும். ஆகவே அந்தப் புதுப் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில்: உட்புறம் வெளியே வருமாறு உருவிச் சிவப்புப் பையில் போடு, போட்டவுடனே வெறுங்கையால் ஹேண்ட்ரப் பாட்டிலை அழுத்து.