மொட்டைமாடியில் பென் டிரைவ், சுடலை கோயிலில் மகுடம்

கடைசிப் பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை. விடுதியில் நாங்கள் மூன்று பேர், கையில் மொத்தம் 1,400 ரூபாய். சென்னையில் படிக்கும் பள்ளித் தோழன் வாராவாரம் ஏதாவது கச்சேரிக்குப் போய்ப் படம் அனுப்புவான், கூடவே "பாளையங்கோட்டையில என்னலே இருக்கு?" என்று ஒரு கேள்வியும் வரும். அந்த எரிச்சலில் கிளம்பியதுதான். திருநெல்வேலியில் ராத்திரி நேரில் பாட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஓட்டல் மொட்டைமாடி. பெயர் வேண்டாம். வாசலில் 'லைவ் மியூசிக்' போர்டு, மேலே கலர் லைட்டு. பாடியவர் நன்றாகத்தான் பாடினார். ஆனால் கீபோர்டில் இருந்தவர் பாட்டின் நடுவில் இரண்டு கையையும் எடுத்துச் சட்டையைச் சரிசெய்தார். கீபோர்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசித்தது பென் டிரைவ். மூன்று லெமன் சோடா, ஒரு காலிஃபிளவர் வறுவல், 690 ரூபாய். ஏழரைக்கே இறங்கிவிட்டோம்.

அங்கிருந்து டவுன். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரே கல்லில் நடுத்தூணும் அதைச் சுற்றி மெல்லிய சிறுதூண்களும், தட்டினால் தூணுக்குத் தூண் சுரம் மாறும். நாங்கள் தட்டவில்லை, தட்டவும் கூடாது. காதை ஒட்டிவைத்துப் பார்த்த ரூம்மேட் "கேக்குலே" என்றான். அவனுக்கு எப்போதும் எல்லாம் கேட்கும். வெளியே வந்து அல்வா வாங்கித் தின்றோம். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

விடுதிக்குத் திரும்ப ஆட்டோ பேசும்போதுதான் விஷயம் திரும்பியது. "கச்சேரியா தேடுதிய? எங்கூர்ல இன்னைக்கு சொடலைக்குக் கொடை. 250 குடுங்க, கொண்டு விடுதேன்" என்றார் ஆட்டோ அண்ணாச்சி. சொடலை என்றால் சுடலைமாடன் சாமி, கொடை என்றால் அவருக்கு ஊர் எடுக்கும் திருவிழா. பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் பிரியும் ஒரு சின்ன ஊர். வேப்பமரத்தில் டியூப் லைட், வரிசையாக வளையல் கடை, பஜ்ஜிக் கடை.

போனபோது வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. கைலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளையான சுடலை சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிற இடம். பாடிய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வீசுகோல் வில்லில் விழும்போதெல்லாம் மணிகள் சிலிர்க்கின்றன, குடத்தின் வாயில் விழும் அடி நெஞ்சுக்குள் 'பொம்' என்று இறங்குகிறது. ஒரே குறை அறிவிப்பு. கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, "இன்னார் 501 ரூபாய் அன்பளிப்பு" என்று மைக்கில் ஒருவர் குறுக்கே வருவார். பிணத்தைத் தொடப்போன மாடன் ஐந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. அப்புறம் எங்கள் பங்கு 101 ரூபாய்க்கு, "பாளையங்கோட்டை காலேஜ் பிள்ளைகள்" என்று அதே குரல் கேட்டபோது நாங்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, ரேடியோ செட். மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் நின்றால் வில், குடம், உடுக்கை எல்லாம் ஒரே இரைச்சல். நாங்கள் முதலில் நின்றது அங்கேதான். ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்தார்: "எய்யா, அங்கன நின்னா காதுதான் போவும். கணியான் வரப்போறான், முன்னால வந்து ஒக்காரு."

கணியான் இனத்தார் கொடையில் பாடி ஆடும் கணியான் கூத்து தொடங்கியபோது பதினொன்றரை. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பின்பாட்டுக்காரர் அவர் முடிக்கும் இடத்தில் குரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார். பெண்வேடம் போட்ட இருவர் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். மகுடம் என்கிற தோல்வாத்தியம் இரண்டு: கூர்மையாக ஒலிக்கும் உச்சம் ஒன்று, தாழ்ந்து ஒலிக்கும் மந்தம் ஒன்று. பார்க்கப் பெரிய தப்பட்டை போலத்தான் இருக்கிறது, மாரோடு அணைத்து வாசிக்கிறார்கள். நடுநடுவே ஓலையைக் கொளுத்தித் தோலைக் காட்டுகிறார்கள். "ஆத்துக் காத்து பட்டா தோலு தொவண்டுரும் தம்பி" என்றார் மந்தம் அடித்தவர். காய்ச்சிய தோலை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, திருப்தி இல்லாமல் மறுபடியும் தீயில் காட்டினார். மொட்டைமாடிக் கீபோர்டு ஞாபகம் வந்தது.

ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். உச்சம் வேகமெடுத்தால் பல் கூசுகிறது, மந்தம் தரை வழியாக வருகிறது. குழாய் வழியே இதில் பாதிகூட வராது.

சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் போனார். அவர் இருட்டில் மறைந்ததும் எல்லா வாத்தியமும் நின்றது. யாரோ ஒருவர் ஜெனரேட்டரையும் அணைக்கச் சொன்னார். குழந்தைகூட அழவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து அவருடைய சலங்கை திரும்பக் கேட்டது, மந்தம் ஒரே ஒரு அடி கொடுத்தது. எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. ரூம்மேட்டைப் பார்த்தேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: கட்டணம் கிடையாது. சித்திரை, வைகாசி, ஆடியில் செவ்வாய், வெள்ளி பார்த்து விசாரித்தால் எங்காவது கொடை இருக்கும். உட்காரத் துண்டு கொண்டுபோங்கள், மணல் குத்துகிறது. கழிப்பறை இல்லை. சுக்குக்காப்பி 10 ரூபாய், இரண்டு குடிக்கலாம். கணியான் தன் கையை வெட்டிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கும் நேரத்தில் போனைத் தூக்காதீர்கள். தூக்கிய ஒருவனுக்குப் பெரியவரிடம் கிடைத்தது எங்களுக்கும் சேர்த்துப் போதும்.

விடியக்காலம் படைப்புச் சோறு தின்றுவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பினோம். சாமத்துக்கு முன்னால் நாற்பது வினாடி வீடியோ எடுத்திருந்தேன். சென்னைக்காரனுக்கு அனுப்பினேன். ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்கிறது என்று பதில் போட்டிருக்கிறான்.