கொம்பு இடம் மாறும் சான்றிதழ்: மூடிலோடு மூன்று ஆண்டு

கொழும்பில் மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: ஊழியர் பயிற்சியை இணையத்துக்குக் கொண்டுபோக, இணையவழிப் பாடம் நடத்தும் மூடில் மென்பொருள் போதுமா, இல்லை காசு கொடுத்து வேறொன்று வாங்க வேண்டுமா? போதும். மென்பொருள் இலவசம், சொந்த சேர்வரில் போடலாம், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பாடத்துக்குள் வைக்கலாம். மற்ற வசதிகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். மூன்று ஆண்டு ஓட்டிய பிறகும் கழுத்தை அறுப்பது ஒன்றே ஒன்று. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு.

பாடத்தை முடித்த ஜெயந்திக்குத் திரையில் பெயர் வடிவாகத் தெரியும். சான்றிதழை பிடிஎஃப்பாக இறக்கினால் ‘ஜயெந்தி’. சேகர் ‘சகேர்’ ஆகிவிடுவார். லோகேஸ்வரிக்கு லகரத்தின் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு அதன் பின்னால் போய் நிற்கும். சுகந்தி, முருகன் போன்ற பெயர்களில் உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும். தப்பிப் பிழைப்பவர்கள் கமலா, ராதா, வனஜா. சிங்களப் பெயர்களுக்கும் இதே கதிதான், அங்கேயும் கொம்புவ ஒன்று இருக்கிறது.

மூடிலை அமைத்துத் தரும் விற்பனையாளரைக் கேட்டால் முதல் பதில் எப்போதும் “எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்”. மாற்றிப் பயனில்லை. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் முதலில் ஜ, பிறகுதான் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிவைப்பது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. உலாவிக்கு அது தெரியும். மூடில் பிடிஎஃப் செய்யப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரல் நூலகம் அரபு எழுத்தை ஒட்டிக் கொடுக்கும், தமிழுக்கு எதையும் செய்யாது, சேமித்த வரிசையிலேயே அடித்துவிடும். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அந்தச் செய்தி இந்த நூலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சிலர் செய்யும் குறுக்குவழி, பெயரையே கொம்பை முன்னால் போட்டுத் தட்டிவைப்பது. செய்யாதீர்கள். சான்றிதழ் சரியாக வரும், ஆனால் திரையில் புள்ளி வட்டம் முளைக்கும், தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்.

வேலை செய்யும் வழி இரண்டு. முதலாவதைச் சொன்னால் சிரிப்பு வரும்: யுனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு பாமினி. இத்தனை காலமும் யுனிகோடுக்கு மாறச் சொல்லி யாரைத் திட்டினோமோ, அதே பாமினி. அதில் கண்ணில் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுவதால் டிசிபிடிஎஃப் அப்படியே அச்சொட்டாக அடிக்கும். பெயரை யுனிகோடிலேயே வைத்துக்கொண்டு, சான்றிதழ் உருவாகும் கணத்தில் மட்டும் பாமினிக்கு மாற்றும் சிறு நிரல் போதும். எழுத்துருவை மூடில் தரவு அடைவில் ஃபான்ட்ஸ் என்ற உள்ளடைவு திறந்து போட வேண்டும். அங்கே ஒரு பொறி உண்டு: அந்த அடைவு இருந்தால் மூடில் பழைய எழுத்துரு அடைவைப் பார்க்காது. ஆகவே பழையவற்றையும் அங்கே பிரதி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றச் சான்றிதழ்கள் குழம்பும். இந்த பிடிஎஃப்பிலிருந்து பெயரைப் பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். சரிபார்ப்புக்கு கியூஆர் குறியீடு இருப்பதால் அது பெரிய நட்டமில்லை.

இரண்டாவது வழி சுத்தமானது, பாரமானது: சான்றிதழை வலைப்பக்கமாகச் செய்து, சேர்வரில் திரையில்லாமல் ஓடும் குரோமியம் உலாவியால் பிடிஎஃப்பாக்குவது. சேர்வரில் தமிழ், சிங்கள எழுத்துருக்களை நிறுவ மறந்தால் பெயருக்குப் பதில் பெட்டிகள் வரும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் அடித்தால் நினைவகம் திணறும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வரிசையில் விட்டு இரவில் ஓடவிடுங்கள்.

இன்னொன்று, தமிழ்ப் பெயர் முதலில் எங்கிருந்து வரும்? சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தனிப் புலம் திறந்து, எக்செல் பட்டியலை ஏற்றும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமிக்கவும். வெறும் சிஎஸ்வி என்றால் பெயர் முழுக்கக் கேள்விக்குறி. படிப்பவரின் மொழியை மட்டும் காட்டும் மும்மொழி வடிகட்டியை ‘உள்ளடக்கமும் தலைப்புகளும்’ என்று வையுங்கள், இல்லையேல் பாடத் தலைப்பு மூன்று மொழியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்கோர்ம் 1.2 என்ற தரத்தில் கட்டிய பாடப் பொதிகளுக்கு, விட்ட இடத்தை நினைவில் வைக்கும் புலம் 4096 எழுத்துதான். ஒரு மணிநேரப் பாடத்தை ஒரே பொதியாகக் கட்டினால் அது நிரம்பி, ஊழியர் மறுநாள் எங்கோ பின்னால் போய் நிற்பார். பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள்.

நியாயமாகச் சொன்னால், மூடிலின் கைத்தொலைபேசிச் செயலி நான் எதிர்பார்க்காத நல்ல விஷயம். அலுவலக வைஃபையில் பாடத்தை இறக்கிக்கொண்டு, பேலியகொடைக் களஞ்சியசாலையில் டேட்டா இல்லாமலே படிக்கலாம், இணைந்ததும் முன்னேற்றம் தானாக ஏறும். வினாத்தாளுக்கு மட்டும் ‘இணையமின்றி’ என்ற அமைப்பைத் தனியே திறக்க வேண்டும், நேர வரம்பு வைத்தால் அது செல்லாது.

கூட்டிக் கழித்தால் 10க்கு 8 வரும். இன்று காலை ஒரு ‘சகேர்’ வந்து மேசைக்கு முன்னால் நின்றதால் 5தான் போடுகிறேன்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு ஐந்து பெயர் கொடுங்கள்: ஜெயந்தி, சேகர், லோகேஸ்வரி, கௌரி, ஸ்ரீகாந்த். திரையில் காட்டுகிறேன் என்பார்கள். பிடிஎஃப்பாகக் கேளுங்கள்.