கல்லூரி ஆலோசனை மையத்தின் குழு அமர்வு: சேரலாமா?

எங்கள் கல்லூரி மனநல ஆலோசனை மையம் எப்படி என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தனி அமர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்காதீர்கள், குழு அமர்வுக்கும் கொடுங்கள். தனி அமர்வுக்கு எப்போதும் வரிசைதான். செமஸ்டர் தொடக்கத்தில் குழுவில் சுலபமாக இடம் கிடைக்கும். ஏழெட்டுப் பேர் முன்னால் அழ யாருக்குத்தான் ஆசை?

முதலில் மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் பிஹெச்கியூ-9 படிவம் தருவார்கள். கடந்த 2 வாரம் எப்படிப் போனது என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் அதிகபட்சம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்போ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதில் 0 தவிர எதைப் போட்டாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும்கூட, அன்றைக்கே ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசிவிடுகிறார். இந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்ப நான் போனபோது கொடுத்த இடம் நடைபாதை பெஞ்ச். எதிரே கட்டணக் கவுன்டர், அதில் பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தது.

குழு என்றால் வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒன்றரை மணி நேரம். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது; யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் ஆலோசகர் அந்த விதியை மீறுவார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு இறுதியாண்டு அண்ணன், கேன்டீனில் தனியாகச் சாப்பிடும்போது யாரோ அழைத்த மாதிரி போனைக் காதில் வைத்துக்கொள்வேன் என்றார். பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து, "நீங்க 'ம்… ம்…'னு சொல்லுவீங்களா? நான் சிரிக்கக்கூடச் செய்வேன்" என்றாள். அறையே சிரித்தது. குழு சிகிச்சையில் குணம் தரும் காரணிகளாக அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 11 சொல்கிறார். 'எனக்கு மட்டும் இல்லை' என்று தெரியவருவதும் அதில் ஒன்று. தனி அமர்வில் ஆலோசகர் இதையே எனக்குச் சொல்லியிருந்தார். தலையாட்டினேன், நம்பவில்லை.

எங்கள் கல்லூரியில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. டி-ஷர்ட் தருவார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள், அதோடு சரி. சமூக உணர்வு பற்றி 1986-இல் எழுதிய உளவியலாளர்கள் மக்மில்லனும் சாவிஸும் நான்கு கூறுகளைச் சொன்னார்கள். உறுப்பினராக இருப்பது அதில் ஒன்றுதான், நம் பேச்சுக்கு அங்கே எடை இருப்பது இன்னொன்று. பெஞ்ச் விஷயத்தைக் குழு அமர்வில் போட்டு உடைத்தோம். அடுத்த அமர்வுக்குள் படிவம் உள்ளறைக்குப் போய்விட்டது. இந்தக் கல்லூரியில் நான் சொல்லி மாறிய ஒரே விஷயம் அதுதான்.

குறைகளும் உண்டு. விடுமுறை விட்டால் குழு கலைந்துவிடும், வீட்டுக்குப் போனால்தான் நிலைமை மோசமாகும் என்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. ஒருவரே பேசிக்கொண்டு போனால் ஆலோசகர் குறுக்கிடத் தயங்குகிறார். மருந்து இங்கே எழுதித்தர மாட்டார்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். கடும் நெருக்கடியில் இருப்பவர்கள் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆலோசகர் அறைக்கே போங்கள். மற்றவர்கள் முதல் மாதத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். பாதியில் புது ஆள் சேர்ப்பதில்லை.